மாமா குதித்தால் மருமகள் பறப்பாள்: டிராம்போலின் பூங்காவுக்குப் பிள்ளைகளை விடலாமா?

வாசகர் கேள்வி: "எனக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவனுக்கு 11 வயது, அடுத்தவனுக்கு 7, கடைக்குட்டி மகளுக்கு 4. ஆகஸ்ட் விடுமுறையில் கொழும்பில் என் அண்ணாவின் மகளுக்குப் பிறந்தநாள். அதை ஒரு டிராம்போலின் பூங்காவில் வைக்கிறார்கள். மூத்தவன் போனில் வீடியோ பார்த்துக் குட்டிக்கரணம் அடிக்கப் பழகிக்கொண்டிருக்கிறான். கை கால் முறியும், வேண்டவே வேண்டாம் என்கிறா மாமி. இப்படிப் பயந்தால் பிள்ளைகள் எதைத்தான் பழகுவார்கள் என்கிறார் கணவர். அண்ணா தன் வீட்டிலுள்ள 8 அடி டிராம்போலினையும் எங்களுக்கு அனுப்பப் போகிறாராம். எங்கள் வீடு கடற்கரைக்குப் பக்கத்தில். என்ன செய்யலாம்?" - வாசகி, உப்புவெளி, திருகோணமலை.

அன்புள்ள சகோதரிக்கு,

மாமி சொல்வதிலும் கணவர் சொல்வதிலும் பாதிப் பாதி சரி. மகன்மார் இருவரும் போகலாம், சில கட்டுப்பாடுகளோடு. மகளும் பிறந்தநாளுக்குப் போகட்டும், ஆனால் ஸ்பிரிங்குகளில் இழுத்துக் கட்டிய, மற்றவர்கள் குதிக்கும் விரிப்பில் அவளை ஏற்ற வேண்டாம். அண்ணாவின் டிராம்போலின் உப்புவெளிக்கு வரவே வேண்டாம். காரணம் தெரிந்திருந்தால்தான் அந்தச் சத்தத்துக்கும் சனக்கூட்டத்துக்கும் நடுவில் நின்று உங்களால் முடிவெடுக்க முடியும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பெற்றோர் பொதுவாகப் பயப்படுவது உயரத்துக்கு. மேலே எழும்பும் பிள்ளை வெளியே போய் விழுந்துவிடுமோ என்று நினைக்கிறோம். அப்படி விழுவதும் உண்டுதான். ஆனால் காயங்களில் பெரும்பங்கு விரிப்பின் மேலேயே நடக்கிறது, அதுவும் ஒரே விரிப்பில் ஒருவருக்கு மேல் நிற்கும்போது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2012இல் வெளியிட்ட அறிக்கை, நாலில் மூன்று காயங்கள் பலர் சேர்ந்து குதிக்கும்போது வருகின்றன என்கிறது. அப்படிச் சேர்ந்து குதிப்பவர்களில் ஆகச் சிறியவருக்குக் காயம் வரும் வாய்ப்பு, பாரமானவரைவிட 14 மடங்கு வரை கூடுதல் என்றும் அதே அறிக்கையில் இருக்கிறது.

இதைக் கணக்காகவே பார்க்கலாம். 60 கிலோ நிறையுள்ள மாமா 60 சென்ரிமீற்றர் உயரத்திலிருந்து விரிப்பில் வந்து இறங்குகிறார். அவருடைய பாரம் ஸ்பிரிங்குகளை இழுத்து அவற்றில் சக்தியைச் சேமிக்கிறது. அந்த நேரம் பார்த்து, பக்கத்தில் நிற்கும் 18 கிலோ மருமகளின் கால் விரிப்பில் படுகிறது. சேமித்த சக்தி முழுவதும் அவளுக்கே போனால் அவள் 2 மீற்றர் உயரத்துக்கு எறியப்படுவாள். முழுவதும் போவதில்லை, பாதி போனாலே ஒரு மீற்றர். அது அவள் தன் கால்பலத்தால் எழும்பிய உயரம் அல்ல. எப்போது எழும்பினோம், எந்தப் பக்கம் சரிகிறோம், எதில் போய் இறங்கப் போகிறோம் என்று அவளுக்கே தெரியாது. இதைப் பிள்ளைகள் 'டபுள் பவுன்ஸ்' என்று சொல்லி வேண்டுமென்றே செய்து விளையாடுவார்கள். பிறந்தநாள் வீட்டில் உற்சாகமான ஒரு மாமாவோ சித்தப்பாவோ கட்டாயம் இருப்பார். பிள்ளைகளை மகிழ்விக்க நடுவில் போய்க் குதிப்பவரும் அவர்தான். அவரிடம் முன்கூட்டியே கதைத்து வையுங்கள். அன்றைய நாளில் நீங்கள் செய்யக்கூடிய ஆகப் பெரிய பாதுகாப்பு வேலை அதுதான்.

எறியப்படுவது ஒரு பக்கம். மறுபக்கம் இதைவிட மோசமானது, வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாதது. பிள்ளை கீழே வந்துகொண்டிருக்கும்போது, மாமா மிதித்த விரிப்பு திருப்பி மேலே வந்துகொண்டிருக்கும். இரண்டும் எதிரெதிராகச் சந்திக்கின்றன. அந்தக் கணத்தில் விரிப்பு மெத்தையல்ல, பலகை. பிள்ளையின் முழங்கால் நிமிர்ந்த நிலையில் அந்த அடி பாதத்தில் ஏறி, முழங்காலுக்குச் சற்றுக் கீழே, கணைக்கால் எலும்பின் மேல் முனையில் போய் நிற்கிறது. இரண்டு முதல் ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு அந்த இடத்தில் எலும்பு மென்மையானது. அது பச்சைக் குச்சி மடிவதுபோல் மடிந்து நசியும். எலும்பு வைத்தியர்கள் இதை 'டிராம்போலின் முறிவு' என்றே பெயர் சொல்லி அழைக்கும் அளவுக்கு இது வழக்கமான ஒன்று.

இந்த முறிவில் பெற்றோர் ஏமாறுவது இலகு. பிள்ளை விழவில்லை. யாரும் மோதவில்லை. வீக்கம் பெரிதாக இருக்காது, கண்டலும் இருக்காது. "சும்மா நின்றவள் அழுகிறாள்" என்றுதான் தோன்றும். ஆனால் காலை நிலத்தில் ஊன்ற மாட்டாள், தூக்கு என்பாள், தவழ்ந்து போவாள். முழங்காலுக்கு இரண்டு விரற்கடை கீழே உட்புறமாக மெல்ல அழுத்தினால் துடிப்பாள். முதல் நாள் எக்ஸ்ரேயில் ஒரு சிறு மடிப்பு மட்டும் தெரியலாம், தெரியாமலும் போகலாம். பத்து நாள் கழித்து எடுத்தால் எலும்பு ஆறும் அடையாளம் தெளிவாக விழும். ஆகவே 'எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை' என்று சொல்லி அனுப்பினாலும், பிள்ளை காலை ஊன்ற மறுத்தால் திரும்பக் காட்டுங்கள். பிளாஸ்டர் போட்டால் பெரும்பாலும் சில வாரங்களில் நன்றாக ஆறிவிடும். சிலருக்கு ஆறிய பிறகு அந்தக் கால் முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கமாகச் சற்று வளையும். பெரும்பாலும் சில வருட வளர்ச்சியில் தானாகவே நேராகும், ஆனாலும் வைத்தியர் சொல்லும் தவணைகளுக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும்.

மகளை விரிப்பில் ஏற்ற வேண்டாம் என்று சொன்னது இதனால்தான். ஆறு வயதுக்குக் கீழே டிராம்போலின் வேண்டாம் என்பது பல நாட்டுக் குழந்தை நல அமைப்புகளின் நிலைப்பாடு. பல பூங்காக்களில் சின்னப் பிள்ளைகளுக்கென்று தடுத்த பகுதி இருக்கும். அங்கே ஏறி இறங்கும் மெத்தைப் படிகள், சறுக்கி, பந்துக் குளம் இருந்தால் அவள் தாராளமாக விளையாடலாம். அந்தப் பகுதிக்குள் சிறிய டிராம்போலின் இருந்தால், அவள் மட்டும் தனியே நிற்கிறாள் என்பதை நீங்கள் கையெட்டும் தூரத்தில் நின்று உறுதிப்படுத்த முடிந்தால் மட்டும் விடுங்கள். பத்து வயது மச்சான்மார் ஓடி வந்து நுழைந்தால் உடனே தூக்கிவிடுங்கள். அவள் அழுவாள், அழட்டும்.

இனி மற்ற இருவருக்கும் உள்ள ஆபத்து எவ்வளவு? அமெரிக்க அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்கு டிராம்போலின் பூங்காக் காயத்தோடு வந்தவர்கள் 2010இல் 581 பேர், 2014இல் 6,932 பேர் என்று 2016இல் ஓர் ஆய்வு வெளியானது. பார்த்தவுடன் பயம் வரும். ஆனால் அந்த நாலு வருடத்தில் பூங்காக்களும் ஊருக்கு ஊர் பெருகின. அதனால் அந்த எண்ணிக்கையை மட்டும் வைத்து உங்கள் மகனுக்கான ஆபத்தைக் கணக்கிட ஏலாது. 2023இல் வெளியான இன்னோர் ஆய்வு, பல நாடுகளின் 18 பூங்காக்களில் வந்தவர்கள் குதித்த மணித்தியாலங்களையே எண்ணியது. ஆயிரம் மணித்தியாலக் குதிப்புக்கு 1.14 காயம், அவற்றில் ஒன்பதில் ஒன்றுதான் முறிவு, மூட்டு விலகல் போன்ற பாரதூரமானது. 20 பிள்ளைகள் ஒரு மணித்தியாலம் குதிக்கும் பிறந்தநாள் விழாக்கள் என்று வைத்துக்கொண்டால், ஏறக்குறைய 44 விழாக்களுக்கு ஒரு காயம், 400 விழாக்களுக்கு ஒரு பாரதூரமான காயம். காயங்களைப் பதிவு வைத்து மேற்பார்வை செய்த பூங்காக்களின் கணக்கு இது என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள். கவனிப்பில்லாத இடத்தில் இதே எண்ணை எதிர்பார்க்கக் கூடாது. அதே ஆய்வில் ஸ்பொஞ்ச் துண்டுகள் நிரப்பிய குழி அல்லது காற்றுப்பை உள்ள பகுதியிலும், கூடிய விசையுள்ள விரிப்புகளிலும் காயம் ஏறக்குறைய இரு மடங்குக்குக் கிட்ட இருந்தது.

குதிப்பதில் நன்மையும் உண்டு. கால் எலும்பு உறுதியாகும், சமநிலை வளரும், உடல் களைக்கும் வரை ஓடியாட இந்தக் காலப் பிள்ளைகளுக்கு வேறு இடமும் குறைவு. கணவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்று நான் நினைப்பது இதனால்தான். தலைக்கவசம் இல்லாமல் பிள்ளையை மோட்டார் சைக்கிளின் முன்னால் இருத்தி நிலாவெளி வீதியில் போகும் குடும்பம், டிராம்போலின் பூங்காவுக்கு மட்டும் பயப்படுவதில் பொருளில்லை.

ஆனால் பூங்காவுக்குப் பூங்கா வித்தியாசம் பெரிது, அதை நீங்கள் நேரில் பார்த்தே அறியலாம். டிராம்போலின் பூங்காக்களுக்கென்று ஐ.எஸ்.ஓ 23659 என்ற சர்வதேசப் பாதுகாப்புத் தரம் 2022இல் வந்தது. அண்ணாவை முற்பதிவு செய்யும்போதே அதைப் பின்பற்றுகிறார்களா என்று கேட்கச் சொல்லுங்கள். பதில் எதுவானாலும், அன்று உள்ளே போனதும் பத்து நிமிடம் பிள்ளைகளை விடாமல் நின்று பாருங்கள். ஒரு விரிப்பில் இரண்டு பேர் ஏறினால் ஊழியர் விசில் ஊதுகிறாரா, அல்லது போனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாரா? விசில் ஊதிய பிறகு பிள்ளைகள் கேட்கிறார்களா? வெவ்வேறு வயதினரை நேரம் பிரித்து விடுகிறார்களா, எல்லாரையும் ஒன்றாக அவிழ்த்து விட்டிருக்கிறார்களா? இந்தப் பத்து நிமிடம், வாசலில் கையெழுத்து வாங்கும் படிவத்தைவிட அதிகம் சொல்லும். படிவத்தையும் வாசித்துவிட்டே கையெழுத்திடுங்கள். அங்கே வயது, நிறை எல்லைகள் எழுதியிருக்கும்.

பிறகு கையால் ஒரு சோதனை. விரிப்புக்கும் விரிப்புக்கும் நடுவே மெத்தைப் பட்டை போட்டிருப்பார்கள், அதன் அடியில்தான் ஸ்பிரிங்கும் இரும்புச் சட்டமும். அந்தப் பட்டையின் நடுவில் உள்ளங்கையை வைத்து உடல் பாரத்தைப் போட்டு அழுத்துங்கள். இரும்பு கைக்குத் தட்டுப்பட்டால் உள்ளிருக்கும் ஸ்பொஞ்ச் செத்துவிட்டது என்று அர்த்தம். பட்டையின் ஓரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் இழுத்துப் பாருங்கள். விலகி இடைவெளி விழுந்தால், ஏழு வயதுப் பிள்ளையின் பாதம் அதற்குள் நுழையும். கால் சட்டத்துக்குள் சிக்கியபடி உடல் முன்னால் போவதுதான் கணுக்கால் முறியும் வழி. பட்டை ஒட்டுப்போட்டுத் தைத்திருந்தால், அல்லது கறுப்பு டேப் சுற்றியிருந்தால் அந்தப் பக்கத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

ஸ்பொஞ்ச் குழியைப் பிள்ளைகள் ஆகப் பாதுகாப்பான இடமென்று நம்புகிறார்கள், அதனாலேயே அங்கே துணிச்சல் கூடுகிறது. புதிதாகப் போட்ட ஸ்பொஞ்ச் துண்டுகள் நடுவில் காற்றிடைவெளியோடு நிமிர்ந்து நிற்கும். நாளாக நாளாக அவை நசிந்து, ஓரம் உதிர்ந்து, அடியில் தூளாகப் படியும். மேலே பார்த்தால் குழி நிறைந்த மாதிரி இருக்கும், உள்ளே பாதி தாங்கும் பலம் இருக்காது. மேற்பரப்பு விளிம்புக்கு ஒரு அடி கீழே இறங்கியிருந்தால், அல்லது குதித்த பிள்ளை கண்ணிலிருந்து மறையும் அளவுக்கு உள்ளே போனால், அது சரியான குழி அல்ல. தலைகுத்தாகப் போகவே கூடாது. காலை நீட்டி விறைப்பாக இறங்கினால் துண்டுகளுக்கிடையே பாதம் சிக்கி முழங்கால் முறுகும். பிட்டத்தால் அல்லது முதுகால் இறங்க வேண்டும், கைகளை நெஞ்சில் மடித்துக்கொள்ள வேண்டும். முன்னால் போனவர் முழுவதும் வெளியே ஏறிய பிறகுதான் அடுத்தவர். ஸ்பொஞ்சுக்குள் புதைந்து கிடக்கும் பிள்ளை மேலிருப்பவரின் கண்ணுக்குத் தெரியாது. சில இடங்களில் குழிக்குப் பதிலாகக் காற்றுப்பை வைத்திருக்கிறார்கள், அது சீராகத் தாங்கும், துப்புரவாக வைத்திருப்பதும் இலகு.

பந்தால் எறிந்து விளையாடும் களத்தில் இரண்டாமவனை விட வேண்டாம். 7 வயதுக்காரன் பந்தைப் பார்த்துக்கொண்டு ஓட, 14 வயதுக்காரன் பின்பக்கமாகப் பாய்ந்து வந்து மோதுவான்.

மூத்தவனின் குட்டிக்கரணத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை ஆகக் கவலைப்பட வைத்த வரி அதுதான். கை கால் முறிவு ஆறும். கழுத்தெலும்புக்குள் ஓடும் முள்ளந்தண்டு நரம்பு நசிந்தால் அது ஆறாது. டிராம்போலினில் கை கால் நிரந்தரமாகச் செயலிழக்க வைக்கும் காயங்களின் முதன்மையான காரணங்களில் ஒன்று தவறிப்போன குட்டிக்கரணம். முன்புறமாகவோ பின்புறமாகவோ சுற்றத் தொடங்கிய உடலை நடுவானில் நிறுத்த ஏலாது. அரைச் சுற்றில் பயந்து உடலை நிமிர்த்தினால், கழுத்து மடிந்த நிலையில் தலை முதலில் இறங்கும், முழு உடல் பாரமும் கழுத்தில் விழும். விரிப்பு மென்மையாக இருப்பது இதற்கு உதவாது. தலை விரிப்புக்குள் அமிழ்ந்து நிற்க, உடல் மேலிருந்து தள்ளிக்கொண்டே இருக்கும்.

2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கிலிருந்து டிராம்போலின் ஒலிம்பிக் விளையாட்டு. அந்த வீரர்கள் இடுப்பில் கயிற்றுப் பட்டி கட்டி, பயிற்சியாளர் கயிற்றைப் பிடிக்க, மெத்தை தள்ளிவைக்க ஆள் நிற்க, படிப்படியாகப் பழகித்தான் சுற்றுகிறார்கள். போன் வீடியோவில் அதெல்லாம் தெரியாது. அவனிடம் 'அடித்தால் கூட்டிக்கொண்டு வர மாட்டேன்' என்று மட்டும் சொல்லாதீர்கள். காரணத்தைச் சொல்லுங்கள், 11 வயதுக்கு விளங்கும். அத்தோடு செய்வதற்கு வேறொன்றைக் கையில் கொடுங்கள். இருந்த நிலையில் இறங்கி மீண்டும் எழும்புவது, எழும்பி அரைச் சுற்றுத் திரும்பி இறங்குவது, காலை அகட்டி விரலைத் தொட்டு இறங்குவது. அந்தரத்தில் அரைச் சுற்றுத் திரும்பி அதே நடுப்புள்ளியில் இறங்குவது பார்ப்பதைவிடக் கடினம், அவனுக்கு அன்றைய நாளுக்குப் போதுமான சவால் அது.

போவதற்கு முன்னுள்ள ஒரு வாரத்தில் உப்புவெளிக் கடற்கரை மணலில் இருவருக்கும் இரண்டு விடயம் பழக்குங்கள். ஒன்று, நிற்பது. பாதங்கள் தோளகலத்துக்கு அகன்று, துள்ளி இறங்கும்போது முழங்காலை மடித்து, கைகளை முன்னால் நீட்டி, அசையாமல் நிற்க வேண்டும். டிராம்போலினில் இப்படி மடித்தால் அடுத்த எழும்பல் அங்கேயே செத்துவிடும். நிறுத்தத் தெரியாத பிள்ளைதான் கட்டுப்பாடிழந்து ஓரத்துக்குப் போகிறது. மற்றது, விழுவது. பின்னால் சரியும்போது கையைப் பின்னால் ஊன்றக் கூடாது. ஐந்து முதல் ஏழு வயதில் முழங்கைக்கு மேலே எலும்பு முறிவது பெரும்பாலும் இப்படிக் கை ஊன்றித்தான். அந்த இடத்தில் கைக்குப் போகும் இரத்தக் குழாயும் நரம்பும் எலும்பை ஒட்டியே ஓடுகின்றன. கைகளை நெஞ்சோடு மடித்து, நாடியை நெஞ்சில் வைத்து, பிட்டத்தில் விழுந்து உருளப் பழகட்டும். மணலில் இருபது தரம் விழுந்தவனுக்கு அது உடம்பில் பதிந்துவிடும்.

இரவு ரயிலிலோ பஸ்ஸிலோ கொழும்புக்குப் போய்ச் சேர்ந்த அன்றே குதிக்க விடாதீர்கள். நித்திரை குழம்பிய பிள்ளைக்குக் கால் சொன்னபடி கேட்காது. ஒரு நாள் முந்திப் போங்கள். பூங்காவில் 15 நிமிடம் குதித்தால் 5 நிமிடம் இருந்து தண்ணீர் குடிக்கட்டும். ஒரு மணித்தியாலம் வாங்கிவிட்டோமே என்று கடைசி நிமிடம் வரை விட வேண்டாம், களைத்த கால்தான் மடங்குகிறது. பட்டீஸ், ரோல்ஸ், கேக் எல்லாம் குதித்து முடிந்த பிறகு. வாய்க்குள் இனிப்போ சூயிங்கமோ இருக்கக் கூடாது.

உடுப்பு விடயத்தில் நம் பிள்ளைகளுக்கென்று ஒன்று சொல்ல வேண்டும். கழுத்தில் கிடக்கும் பஞ்சாயுதம், சங்கிலி, கைக்காப்பு, கொலுசு, தொங்கும் தோடு எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். பஞ்சாயுதம் குதிக்கும்போது மேலெழும்பி முகத்தில் அடிக்கும், சங்கிலி வலையில் கொழுவினால் கழுத்தை இறுக்கும். காப்பை அணிந்தபடி கை முறிந்தால், வீக்கத்துக்குள் அது இறுகி, வெட்டித்தான் எடுக்க வேண்டிவரும். மாமி நேர்த்தி நூலைக் கழற்ற விடமாட்டா என்றால், அதைக் கையில் ஒட்டி இருக்கும்படி சொக்ஸ் துண்டால் மூடிவிடுங்கள். அடியில் ரப்பர்ப் பிடிமானமுள்ள சொக்ஸ் அங்கேயே தருவார்கள், அளவு சரியாக இருக்கட்டும். பெரிய சொக்ஸ் காலில் சுழன்று வழுக்கும்.

நீங்கள் நிற்க வேண்டிய இடம் சாப்பாட்டு மேசை அல்ல, விரிப்பின் ஓரம். டிராம்போலின் காயங்களில் மூன்றில் ஒன்று முதல் பாதி வரை பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தபோதே நடந்தவை. பக்கத்தில் இருந்தார்கள், ஆனால் தடுக்கவில்லை. வீடியோ எடுப்பவருக்குத் திரைக்குள் தன் பிள்ளை மட்டும்தான் தெரியும், ஓரத்திலிருந்து ஓடி வரும் மற்றவன் தெரியாது. வீடியோ எடுக்க ஒருவர், பார்க்க ஒருவர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளைகளுக்குக் கழுத்தின் மேல் மூட்டு தளர்வாக இருக்கக்கூடும், உறவில் அப்படி யாரும் இருந்தால் வைத்தியர் அனுமதியில்லாமல் குதிக்க விடக் கூடாது.

ஏதும் நடந்துவிட்டால்: தலையோ கழுத்தோ அடிபட்டு, பிள்ளை கழுத்து நோவு என்றாலோ, கை கால் விறைக்கிறது, கூசுகிறது என்றாலோ தூக்காதீர்கள். எழுப்பி இருத்திப் பார்ப்பதும் வேண்டாம். முதலில் அந்தக் களத்திலுள்ள எல்லாரையும் குதிப்பதை நிறுத்தச் சொல்லுங்கள். விரிப்புகள் ஒரே சட்டத்தில் பூட்டியவை, பக்கத்தில் ஒருவர் குதித்தாலும் அடிபட்ட கழுத்து ஆடும். தலையை இரு பக்கமும் கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு, 1990 சுவசெரிய அம்பியூலன்ஸைக் கூப்பிடுங்கள், அது இலவசம்.

கை கால் வளைந்து தெரிந்தால் இருந்த நிலையிலேயே மடித்த துவாயோ அட்டையோ வைத்துக் கட்டி, சாப்பிடக் குடிக்க ஒன்றும் கொடுக்காமல் கொண்டுபோங்கள், மயக்க மருந்து கொடுத்து எலும்பைச் சரிசெய்ய வேண்டி வரலாம். கொழும்பில் என்றால் பொரளையில் லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை இருக்கிறது. முழங்கை அடிபட்ட கை வெளிறிக் குளிர்ந்தால், விரலை அசைக்க ஏலாவிட்டால், ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. எக்ஸ்ரே எடுக்கும் வரை எண்ணெய் போட்டு உருவ விடாதீர்கள். முறிவு நெரிவுப் பரியாரியிடம் ஊருக்குப் போய்க் காட்டலாம் என்று தள்ளிப்போடுவதும் கூடாது. அவசரத்தில் உருவினால் மடிந்த எலும்பு விலகும்.

தலையில் அடிபட்ட பிள்ளை இரண்டு தரத்துக்கு மேல் சத்தி எடுத்தாலோ, எழுப்ப எழுப்ப நித்திரை கொண்டாலோ, கதை குழம்பினாலோ, வலிப்பு வந்தாலோ, மூக்கால் காதால் நீர் வடிந்தாலோ உடனே வைத்தியசாலை. ஒன்றுமில்லாவிட்டாலும் அன்றிரவே திருகோணமலை பஸ்ஸில் ஏற வேண்டாம். நடுக்காட்டில், இருட்டு பஸ்ஸுக்குள், நித்திரையா மயக்கமா என்று உங்களால் பிரித்தறிய ஏலாது. புதிதாகப் பிளாஸ்டர் போட்ட பிள்ளைக்கும் இது பொருந்தும். முதல் நாள் வீக்கம் கூடும், காலைத் தொங்கவிட்டு ஏழெட்டு மணித்தியாலம் இருத்திக்கொண்டு போனால் பிளாஸ்டர் இறுகும். விரல்கள் நீலித்தால், விறைத்தால், மருந்து கொடுத்தும் நோவு ஏறிக்கொண்டே போனால் அதை வெட்டித் தளர்த்த வேண்டும். அண்ணா வீட்டில் ஒரு நாள் தங்கி, காலைத் தலையணையில் உயர்த்தி வைத்துவிட்டு வாருங்கள்.

கடைசியாக அந்த 8 அடி டிராம்போலின். பூங்காவில் ஊழியர் இருக்கிறார், நேர எல்லை இருக்கிறது. வீட்டு முற்றத்தில் அயலிலுள்ள பிள்ளைகள் எல்லாரும் ஏறுவார்கள், நீங்கள் அடுப்படியில் இருப்பீர்கள். நான் மேலே சொன்ன 2012 அறிக்கை, வீட்டில் டிராம்போலின் வைப்பதை வெளிப்படையாகவே வேண்டாம் என்கிறது. சுற்றி வலை போட்டாலும் காயம் குறைந்ததாகத் தெரியவில்லை என்றும் சொல்கிறது, ஏனென்றால் பெரும்பாலான காயம் வலைக்குள்ளேதான்.

நம் கடற்கரையில் இன்னொரு சிக்கல் உண்டு. உப்புக் காற்று ஸ்பிரிங்கின் நாகப் பூச்சை முதலில் வெள்ளைத் தூளாக்கும், பிறகு கபில நிறத் துரு. துரு பிடிப்பது கண்ணுக்குத் தெரியும் நடுச் சுருளில் மட்டுமல்ல, சட்டத் துளைக்குள் கொழுவியிருக்கும் கொக்கியிலும். அங்கே உலோகம் உரசி மெலிந்து ஒருநாள் தெறிக்கும். ஒன்று இரண்டு தெறித்தால் விரிப்பு ஒரு பக்கம் தளர்ந்து, நடுவில் குதித்தவனை ஓரத்துக்கு எறியும். விரிப்பைத் தைத்த நூலை வெயில் உக்க வைக்கும். கொக்கி வளையம் தைத்த இடத்தை நகத்தால் சுரண்டிப் பாருங்கள், நூல் தூசாக உதிர்ந்தால் அந்த விரிப்பு முடிந்தது. கச்சான் காற்றுக் காலத்தில் நண்பகலில் கறுப்பு விரிப்பு வெறுங்காலைச் சுடும். அதைவிட, ஐம்பது சதுர அடித் தட்டு அது, காற்று அடியில் புகுந்தால் வலையோடு சேர்ந்து பாய்மரம்போல் எழும்பும். உப்புவெளி மணலில் அடித்த முளை அதைப் பிடித்து வைக்காது. கிணற்றுக் கட்டு, உடுப்புக் கொடி, தென்னை, மதில் எதுவும் இல்லாமல் சுற்றிவர இரண்டு மீற்றர் வெறும் இடமும் வேண்டும். உங்கள் முற்றத்தில் அப்படி ஓர் இடம் இருந்தால் அதில் பிள்ளைகள் பந்தடிக்கட்டும்.

அண்ணா மனம் நோவார் என்று தயங்கினால், பிள்ளைகளுக்கு மூன்று துள்ளுகயிறும் ஒரு நல்ல கால்பந்தும் கேளுங்கள். டிராம்போலினைத் தானே வைத்திருப்பதாக அவர் சொன்னால், அவருடைய விரிப்பிலும் ஒரு நேரத்தில் ஒரு பிள்ளை மட்டும்தான் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.